வெண்டலின் ஒரு நிமிடம்

எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயத்து மணியின் மீதும், என் முதல் மனைவியின் மீதும், இந்த ஏரியில் நான் பிடித்த மீன்கள் அத்தனையின் நீளத்தின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன்: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நாற்பது வருடமாகத் தூண்டில் புழு விற்றுப் பிழைக்கிறவன் நான். மீன் பிடிக்கிறவன் பொய் சொல்வான். புழு விற்கிறவனுக்கு அந்த அவசியம் இல்லை.

விஸ்கான்சினில் குளிர்காலத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடியவை இரண்டுதான். ஏரிமேல் உறைந்த பனியில் துளை போட்டு, மீனுக்காக அதன் பக்கத்தில் உட்காரலாம். அல்லது கோர்டியின் வீட்டு நிலவறையில் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் நாங்கள் நாலு பேர் இரண்டாவதைச் செய்தோம்.

ஆட்டம் எளிது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அந்த ஆளாகவே பேச வேண்டும். ஒருவர் மட்டும் நடுவர். குகை எங்கே, குகைக்குள் என்ன, அது யாரைக் கடிக்கிறது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அடித்தது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நடந்து போகிறவரைக்கும் ஆட்டம் நன்றாக ஓடும். மூன்று மாதக் கடல் பயணத்தை, "போய்ச் சேந்துட்டீங்க, எல்லாருக்கும் வாந்தி" என்று எங்கள் நடுவர் கோர்டி ஒரே மூச்சில் முடித்துவிடுவார். ஆனால் யாராவது ஒருவன் கத்தியை உருவிவிட்டால் போச்சு. உடனே ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, ஒவ்வொரு முறைக்கும் ஒரு விதி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு விதிவிலக்கு. கடலைத் தாண்டியவர்கள் ஒரு கதவைத் தாண்ட முடியாமல் கிடப்பார்கள்.

ஆட்டத்தின் விதிப் புத்தகத்தின்படி சண்டையில் எல்லோருக்கும் ஒரு முறை வந்து போகும் சுற்று என்பது ஒரு நிமிடம். இதைப் படித்தபோது கோர்டி சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அச்சில் வந்த எதையும் நம்புவார்.

இந்த நோய்க்கு மருந்தாகத்தான் கோர்டியின் நிலவறைச் சுவரில் ஓர் ஆமை ஓடு தொங்கியது. பெரிய கடிக்கிற ஆமை. அதுவும் ஏரியில் கிடைத்ததுதான். வருடா வருடம் எங்களில் யார் தன் முறையை அதிக நேரம் இழுத்தாரோ, அவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அந்த ஓட்டில் அடிப்போம். அவமானத்துக்குத் திருந்துவார்கள் என்று எண்ணம். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

வெண்டலைப் பற்றிப் பேசுவோம்.

வெண்டல் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தான். ஆட்டத்தில் அவன் ஒரு பூசாரி. என் வேஷம் டுர்காஷ் என்ற குள்ள வீரன். கோடரி, இடுப்புவரை தாடி, பதினோரு வருடம் உயிரோடு இருந்தவன். எங்கள் மேஜையில் அவ்வளவு காலம் யாரும் பிழைத்ததில்லை. அவனை எழுதிவைத்த காகிதம் அழித்து அழித்து எழுதி நடுவில் ஓட்டை விழுந்து, பின்பக்கம் டேப் ஒட்டி, டேப்புக்கும் டேப் ஒட்டிய நிலையில் இருந்தது. என் இரண்டு கல்யாணங்களும் சேர்ந்து அவ்வளவு காலம் நிற்கவில்லை. நாலாவது ஆள் ஆர்லிஸ். சீஸ் ஆலையில் வேலை, ஆட்டத்தில் மந்திரக்காரி. கையில் எப்போதும் பின்னல் ஊசி இருக்கும்.

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. குகையில் மூன்று குட்டிப் பூதங்கள். சண்டை. பகடை போட்டதில் ஆர்லிஸ் முதல், பூதங்கள் இரண்டாவது, நான் மூன்றாவது, வெண்டல் கடைசி.

ஆர்லிஸ் ஏதோ மந்திரம் போட்டாள். பகடையை உருட்டினாள். "எழுதி வை, புத்தகத்தப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் கோர்டி. மந்திரம் போட்டவர் அதை ஒரு சீட்டில் எழுதி நடுவர் முன்னால் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவளும் எழுதி வைத்தாள். அந்த நேரம் பார்த்து மேலே அடுப்பில் பீரில் வெந்துகொண்டிருந்த சாசேஜ் பொங்கி வழிகிற வாசனை வந்தது. கோர்டி ஓடினார். தட்டோடு திரும்பி வந்தார். எல்லோரும் சாப்பிட்டோம். பிறகு அவர் புத்தகத்தைத் திறக்காமல் பகடையை எடுத்தார்.

"பூதம் ஈட்டி எறியுது. டுர்காஷ் நெஞ்சுல. ஓர்வில், உன் ஆளு விழுந்துட்டான்."

"எவ்ளோ நேரம் தாங்குவான்?" என்றேன்.

"அடுத்து பூதங்க முறை வர்ற வரைக்கும். அதுக்குள்ள யாராச்சும் மருந்து ஊத்தலைன்னா, போச்சு."

மருந்துக் குப்பி வெண்டலின் பையில் இருந்தது. விழுந்து கிடக்கிறவனுக்கு முறை கிடையாது என்பதால் என்னைத் தாண்டி அடுத்தது வெண்டல்தான். குப்பியைத் திறந்து ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். நாக்கு இருக்கிற எவனும் இரண்டு நொடியில் சொல்லிவிடலாம்: "ஊத்துறேன்."

கோர்டி என் காகிதத்தை வாங்கி, நிலவறை மூலையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் உலையின் தலைமேல் வைத்தார். அதுவும் வழக்கம். சாகக் கிடக்கிறவன் உலையின் மேலே. செத்தால் கதவைத் திறந்து உள்ளே. பிறகு அவனை யாரும் மறுபடி எழுதக் கூடாது.

"வெண்டல், உன் முறை" என்றார் கோர்டி.

வெண்டல் கைகளைக் கோத்துக்கொண்டான். கண்ணை மூடினான். திறந்தான்.

"அந்தக் குப்பிக்கு கார்க் மூடியா, இல்ல திருகுற மூடியா?"

மான் வேட்டை தொடங்கவிருந்ததால் அன்று அதோடு கலைந்தோம்.

மான் வேட்டை முடிந்து திரும்பியபோது கோர்டி கார்க் என்று தீர்ப்புச் சொன்னார். இதற்கு அவருக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவரும் வெண்டலும் ஒரு காரியம் முடிந்த திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"இப்ப ஊத்து" என்றேன்.

"பொறு ஓர்வில். டுர்காஷ் மல்லாக்க கெடக்கானா, குப்புற கெடக்கானா?"

"நெஞ்சுல ஈட்டியோட எவன்யா குப்புற படுப்பான்?"

"அது உன் கருத்து. நான் நடுவரக் கேக்குறேன்."

கோர்டி புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் புத்தகத்தில் எட்டுக் கால் சிலந்தி மல்லாந்தால் என்ன என்று போட்டிருந்தது, குள்ளன் மல்லாந்தால் என்ன என்று போடவில்லை. பகடை போட்டுப் பார்த்தார். மல்லாக்க. அதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

ஆர்லிஸ் இந்தச் சண்டையின் தொடக்கத்தில் ஒரு மஃப்ளர் பின்ன ஆரம்பித்திருந்தாள். கழுத்துக்கு. கிறிஸ்துமஸுக்குள் அது மேஜையின் தன் பாதியை மூடிவிட்டது. முடித்துவிடலாமே என்று கேட்டேன்.

"முடிச்சுட்டா நான் உங்க மூஞ்சியத்தான பாக்கணும்?" என்றாள். "நீ கத்தாதய்யா. அவன் யோசிக்கிறப்ப நீ கத்துனா மறுபடி மொதல்லேருந்து யோசிப்பான்."

அது உண்மைதான். அதனால் நான் உள்ளுக்குள் கத்தினேன். மூலையில் உலை உறுமியது. அதன் தலையில் டுர்காஷின் ஓரங்கள் பழுப்பாகிச் சுருண்டுகொண்டிருந்தன.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு வெண்டல் ஒரு பெரிய கண்டுபிடிப்போடு வந்தான். முகம் பளபளத்தது.

"தாடி!" என்றான்.

"என்ன தாடி?"

"டுர்காஷுக்கு இடுப்பு வரைக்கும் தாடி. மீசை வேற. வாய மூடியிருக்குமே. மருந்து வாய்க்குள்ள போகுமா, இல்ல தாடியில நின்னுருமா?"

நான் எழுந்தேன். ஆர்லிஸ் பின்னல் ஊசியால் என் தொடையில் குத்தி உட்கார வைத்தாள். கோர்டியோ பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவர் சிவப்பு விளக்கைக் கண்டால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

"இது பெரிய கேள்வி வெண்டல். இத நான் தீர்க்க முடியாது. கம்பெனிக்கு எழுதணும்."

எழுதினார்கள். புத்தகம் போட்ட கம்பெனிக்கு, மூன்று பக்கம், படம் வரைந்து, தாடியின் அடர்த்தியைக் குறிப்பிட்டு, பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்து. பதில் வரும்வரை ஆட்டம் நிற்காது, வெண்டலின் முறை தொடர்கிறது என்று கோர்டி அறிவித்தார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் போய் அவன் முகத்தைப் பார்த்தோம்.

இந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு, மூடி கார்க் என்றால் அதைப் பல்லால் பிடுங்குவதா கையால் பிடுங்குவதா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது ஊர்ச் சங்கு ஊதியது. லார்சன் வீட்டில் தீ. சங்கு நிற்பதற்குள் வெண்டல் படியேறிவிட்டான். எரிகிற வீட்டுக்குள் புகுந்து, இரண்டாம் மாடிக்குப் போய், கிழவி ஒருத்தியையும் அவளுடைய பியானோவையும் ஜன்னல் வழியாக இறக்கி, தீயை அணைத்து, ஒரு மணி நேரத்தில் புருவம் பொசுங்கிய முகத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"பல்லால புடுங்கினா ஏதாச்சும் பாதகம் உண்டா?" என்றான்.

தீயில் ஒரு பியானோவைத் தூக்குகிறவனுக்கு ஒரு கார்க்கைத் தூக்க முடியவில்லை. இவனைப் போன்றவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. சாப்பிடுகிறேன், ஆனால் இறங்காது.

பிப்ரவரியில் ஆர்லிஸ் முட்டை வேகவைக்கும் மணல் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூன்று நிமிடத்து மணல். "இனிமே இதுதான். மணல் தீந்தா முறை தீந்துச்சு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோர்டி வாக்கெடுப்பு வைத்தார். வாக்களிக்கும் வரிசைக்குப் பகடை போட்டார்கள். நானும் ஆர்லிஸும் உடனே ஆதரித்தோம். கோர்டி நடுநிலை. வெண்டல், வாக்கெடுப்பில் தன் முறைக்கு இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டான். இரண்டாம் ஞாயிறு ஆதரித்தே வாக்களித்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் நல்லவன், அதுதான் இன்னும் எரிச்சல். கடிகாரத்தைக் கவிழ்த்தோம். நிலவறை ஈரத்தில் மணல் கட்டியாகி, கடிகாரத்தின் குறுகிய இடுப்பில் சிக்கிக்கொண்டு, ஒரு பருக்கைகூட விழவில்லை.

"நேரம் இன்னும் இருக்கு" என்றான் வெண்டல். அன்று அவன் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன்.

மார்ச்சில் கம்பெனியின் பதில் வந்தது. கோர்டி நின்றுகொண்டு படித்தார். ஒரே வரி: உங்கள் நடுவர் சொல்வதே முடிவு.

நான் மேஜையில் கையை ஊன்றி எழுந்தேன். உலை உறுமியது.

"அப்படின்னா சொல்லுய்யா" என்றேன்.

கோர்டி கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எந்த நடுவர்னு போடலையே" என்றார்.

வெண்டல் அதற்குள் வேறு வழியில் போய்விட்டிருந்தான். சண்டை தொடங்கியபோது அவன் மழுங்கச் சவரம் செய்த ஆள். ஜனவரி முதல் கத்தி படாத தாடி இப்போது சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொட்டது. மேஜையின் மேல் மல்லாக்கப் படுத்தான். "ஆர்லிஸ், ஊத்து" என்றான். அவள் பீர் பாட்டிலை எடுத்து அவன் தாடியின் மேல் கவிழ்த்தாள். அவ்வளவு வேகமாக ஒரு காரியத்தை அந்த நிலவறையில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அவன் இருமினான், புரையேறியது, எழுந்து உட்கார்ந்து பீர் சொட்டச் சொட்ட யோசித்தான்.

"பாதி உள்ள போகுது" என்றான். "அப்ப பாதிதான் குணமாகுமா?"

"வெண்டல்," என்றேன், "பாதி குள்ளன் போதும்டா எனக்கு. இடுப்புக்கு மேல மட்டும் குடு. நான் சமாளிச்சுக்கிறேன்."

"அவசரப்படாத ஓர்வில். இது உன் ஆளோட உயிர்."

உலையின் மேல் டுர்காஷ் இப்போது காப்பி நிறத்தில் இருந்தான். பெயர் மட்டும் தெரிந்தது.

எங்கள் ஊரில் ஜனவரியில் ஏரிப் பனியின் நடுவே ஒரு பழைய காரை நிறுத்திவைப்போம். பனி உருகி அது எந்த நாளில் முழுகும் என்று ஊரே சீட்டு எழுதிப் போடும். சரியாகச் சொன்னவருக்குச் சக்கர வடிவில் ஒரு பெரிய சீஸ் கட்டி. அந்த வருடம் நான் சீட்டில் தேதி எழுதவில்லை. "வெண்டல் ஊற்றுவதற்கு முந்தின நாள்" என்று எழுதினேன்.

ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு. கார் சனிக்கிழமை முழுகிவிட்டது. இன்று ஊற்றினால் சீஸ் எனக்கு. நிலவறையில் புழுக்கம். ஜன்னலைத் திறந்தும் பயனில்லை. ஆர்லிஸின் மஃப்ளர் மேஜையை முழுக்க மூடி, படிக்கட்டில் ஏறி, சமையலறை வரைக்கும் போயிருந்தது. கோர்டியின் நாய் அதில் குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் வளர்ந்து ஓடிக்கொண்டிருந்தன.

வெண்டல் எழுந்து நின்றான். தாடியைத் துடைத்தான்.

"முடிவு பண்ணிட்டேன்" என்றான்.

எல்லோரும் நிமிர்ந்தோம். கோர்டி பென்சிலைக் கையில் எடுத்தார்.

"அய்யோ, வேகுது" என்றாள் ஆர்லிஸ். மேஜையிலிருந்து மஃப்ளரை இரண்டு கையாலும் வாரிச் சுருட்டித் தரையில் தள்ளினாள்.

மேஜையின் மரத்தை முழுசாக நவம்பருக்குப் பிறகு அன்றுதான் பார்த்தோம். அதன் நடுவே, கோர்டியின் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு சின்னச் சீட்டு. ஆர்லிஸின் கையெழுத்து. கோர்டி எடுத்துப் படித்தார்.

"உறக்க மந்திரம். பூதம் மூணும் தூக்கம்."

கோர்டி சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இது எப்ப போட்டது?" என்றார் கோர்டி.

"மொத முறையில" என்றாள் ஆர்லிஸ். "நீ புத்தகத்தப் பாத்துட்டு வேலைக்கு ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டன்னு நெனச்சேன். எப்பவும் அப்படித்தான சொல்லுவ?"

"நான் பாக்கவே இல்ல. சாசேஜ் பொங்கிருச்சு."

"அதுக்கப்புறம் கேக்கலாம்ல?"

"சீட்டு கண்ணுல படல. மேல உன் மஃப்ளர் இருந்துச்சு."

இதன் பொருளை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன். பூதங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. நவம்பரிலிருந்து. தூங்குகிற பூதம் ஈட்டி எறியாது. ஈட்டி எறியாவிட்டால் டுர்காஷ் விழவில்லை. ஐந்து மாதமாக நாங்கள் குறட்டை விடுகிற மூன்று குட்டிப் பூதங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், அதிலும் தோற்றுக்கொண்டிருந்தோம்.

"என் ஆளு உயிரோட இருக்கான்" என்றேன்.

"காயமே இல்ல" என்றார் கோர்டி. "வெண்டல், மன்னிச்சுக்க. உன் முறை இன்னும் வரவே இல்ல."

வெண்டல் உட்கார்ந்தான். "அப்பாடா" என்றான். "நான் தப்பா முடிவு பண்ணியிருந்தேன்." என்ன முடிவு என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பான்.

நான் உலைக்கு ஓடினேன். கோர்டி என்னை நிறுத்தி, இடுக்கியால் டுர்காஷைத் தூக்கினார். ஐந்து மாதச் சூட்டில் காகிதம் அப்பளமாகியிருந்தது. பாதி வழியில் அது உடைந்தது. ஓரங்கள் தூளாகக் கொட்டின. கேடயம் போனது, கவசம் போனது, பதினோரு வருடம் சேர்த்த வீரமெல்லாம் தரையில் நாய்க்குட்டிகளின் நடுவே உதிர்ந்தது. டேப் ஒட்டிய நடுப்பகுதி மட்டும் கோர்டியின் உள்ளங்கையில் மிஞ்சியது. அதில் பெயரும், உயிர் எண்ணிக்கையும், "தாடி: இடுப்பு வரை" என்ற வரியும் இருந்தன. ஆர்லிஸ் ஒரு புதுக் காகிதம் எடுத்து மூன்றையும் எழுதிக் கொடுத்தாள். செத்தவனைத்தான் மறுபடி எழுதக் கூடாது, இவன் சாகவில்லை.

நான் அதைக் கையில் பிடித்தேன். அழுதேன் என்று வெண்டல் ஊரெல்லாம் சொல்கிறான். காகிதத் தூள் கண்ணில் விழுந்தது, அவ்வளவுதான்.

கோர்டி தொண்டையைச் செருமினார். பகடையைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"ஆர்லிஸ் முடிச்சாச்சு. பூதங்க தூங்குது. ஓர்வில், உன் முறை. மூணு பேரும் கால்மாட்டுல கெடக்காங்க. கோடரி உன் கையில. வெட்டுறன்னு சொல்லு, வீட்டுக்குப் போலாம்."

மேஜையைச் சுற்றியிருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெட்டுறேன்" என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பொறுப்புள்ள ஒரு மனிதன் சில விவரங்களைக் கேட்காமல் கோடரியை ஓங்க முடியாது. அதில் நடுப்பூதம் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

ஆர்லிஸ் தரையிலிருந்து மஃப்ளரை எடுத்து, ஊசியைச் செருகினாள்.

கோர்டியின் நிலவறைச் சுவரில் இருக்கும் ஆமை ஓட்டில் பதினோரு பித்தளைத் தகடுகள் உண்டு. பதினொன்றிலும் இருப்பது என் பெயர்.